கெட்ட எஞ்சினைப் பழுதுபார்த்துச் செய்வதா, மாற்றுவதா? மலைநாட்டு வாகனக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு அறுபது கிலோமீற்றருக்குள் ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரம் ஏற வேண்டும். அந்தப் பாதையில், இறம்பொடையைத் தாண்டி, கல்யாண வீட்டுச் சனம் நிறைந்திருந்த என் லைட்ஏஸ் வான் ஒரு நாள் நின்றுபோனது. எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியாது. பேச்சு சுவாரசியத்தில் பார்க்கவில்லை. பக்கத்திலேயே மலைத் தண்ணீர் விழும் பீலி. ஒரு பையன் ஓடிப்போய்ப் போத்தலில் தண்ணீர் பிடித்து வந்தான். கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினுக்குள் அந்த ஐஸ் தண்ணீரை ஊற்றியது நான்தான்.

கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனோம். பாஸ் (மெக்கானிக்) ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். "அண்ணே, எஞ்சின் முடிஞ்சிருச்சு. ஜப்பான் எஞ்சின் ஒண்ணு போட்டுருவோம்" என்றார். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை. திங்கட்கிழமை பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஸ்கூல் ஹயர் ஓட வேண்டுமே என்ற அவசரம். எஞ்சின் மாறியது. நாலு மாதத்தில் அதே ஏற்றத்தில் புது எஞ்சினும் கொதித்தது. ரேடியேற்றரில் பாதிக் குழாய் துருவும் சேறும் அடைத்துக் கிடந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இரும்புக் கடைக்குப் போட்ட பழைய எஞ்சினை வாங்கியவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஹெட்டுல மட்டும்தான் வெடிப்பு, சிலிண்டர் இருக்கிற பிளொக் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார்.

இனி எழுதுவதெல்லாம் அந்தச் சிரிப்புக்குக் கொடுத்த காசில் படித்தது.

1. இழுத்து வந்த அன்று முடிவெடுக்காதீர்கள்

எஞ்சின் கொதித்தால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். ரேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம். அரை மணி நேரமாவது ஆறட்டும். ரேடியேற்றரைக் கை வைத்துத் தொடும் சூட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடலாம். சூடேறிய வார்ப்பின் மேல் பீலித் தண்ணீர் பட்டால் ஹெட் வெடிக்கும். கொதிப்பில் தப்பிய ஹெட்கூட அந்தத் தண்ணீரில் போய்விடும்.

பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் வந்தது எது: முள்ளா, சிவப்பு ஒயில் லைட்டா, சத்தமா, புகையா? தோட்டப் பாதையில் அடியில் கல் அடித்ததா? தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டினீர்களா? தோட்டப் பாதைகளின் நடுக்கல் எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்ப்பைப் பிளந்து, ஒயில் வழியெல்லாம் ஒழுகி, டவுன் வருவதற்குள் பேரிங் போன வண்டிகள் நம் பக்கம் ஏராளம். கொதித்துக் கெட்ட எஞ்சினும் ஒயில் இல்லாமல் கெட்ட எஞ்சினும் வெவ்வேறு நோயாளிகள். முதலாவதில் சேதம் பெரும்பாலும் மேலே, ஹெட்டில். இரண்டாவதில் கீழே, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கில். பாஸிடம் "எஞ்சின் போச்சு" என்று மட்டும் சொன்னால் அவரும் அதையேதான் திருப்பிச் சொல்வார்.

ஒயில் லைட் எரிந்தோ பெரிய சத்தம் கேட்டோ நின்றிருந்தால், "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

2. பிரிக்காமலே தெரிபவை

மலைநாட்டுக் குளிர் இங்கே ஆளை ஏமாற்றும். நுவரெலியாவில் காலையில் ஸ்டார்ட் செய்யும் எந்த வண்டியும் வெள்ளைப் புகை விடும். அது வெறும் நீராவி. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது என்று அர்த்தம். அதேபோல ஒயில் மூடியின் உள்பக்கம் பாலாடை போல ஒட்டியிருப்பதைக் காட்டி, ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் "கேஸ்கட் போச்சு" என்பார்கள். டவுனுக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு இந்தக் குளிரில் அது சாதாரணம். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் ஈரம் அங்கே தங்குகிறது. குச்சியில் வரும் ஒயிலே தேநீர் நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. ஆனால் எந்த வழியாக? அதைக் கண்டுபிடிக்க நம் பாதையே போதும். நீண்ட இறக்கத்தில் கியரில் விட்டு, அக்சிலரேட்டரைத் தொடாமல் இறங்குங்கள். கீழே வந்து மிதிக்கும்போது ஒரு நீல மூட்டம் வந்து மறைந்துவிட்டால், பெற்றோல் வண்டிகளில் பெரும்பாலும் வால்வ் வழியாக ஒயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் தேய்ந்திருக்கும். அது சின்ன வேலை. ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் நீலம் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், சிலிண்டரின் உள்சுவரான லைனர் பக்கம் பாருங்கள். வால்வ் சீல் போன எஞ்சினுக்கு முழு வேலையும் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். வெள்ளித் தூள் மினுங்கினால் பேரிங்கோ பிஸ்டனோ தேய்கிறது. செப்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல் பூச்சு போய் அதன் கீழிருக்கும் செப்புப் படை வந்துவிட்டது. காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. செலவில்லாத சோதனை இது. எந்த கராஜிலும் யாரும் தானாகச் செய்து நான் பார்த்ததில்லை.

3. கொம்ப்ரெஷன் பார்க்கும்போது உயரத்தையும் கணக்கில் எடுங்கள்

சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தம்தான் கொம்ப்ரெஷன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நல்ல எஞ்சின்களே இங்கேதான் தவறாகத் தள்ளப்படுகின்றன.

பெற்றோல் எஞ்சினில் எல்லா பிளக்கையும் கழற்றி, பெற்றோலையும் கரண்டையும் துண்டித்து, அக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு, நல்ல பற்றரியில் ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும். முடிந்தால் எஞ்சின் சூடாக இருக்கட்டும். சமதரையில் நல்ல எஞ்சின் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும், வண்டிக்கு வண்டி வேறுபடும். டீசலுக்கு 400 போல. டீசலுக்குத் தனி கேஜ் வேண்டும். பெற்றோல் கேஜை மாட்டினால் கேஜ் போய்விடும்.

ஆனால் அந்தப் புத்தகக் கணக்குகள் கடல் மட்டத்துக்கு எழுதியவை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். உள்ளே போகும் காற்றே குறைவென்றால் நெருக்கும்போதும் குறைவாகத்தான் காட்டும். கொழும்பில் 180 காட்டும் அதே சிலிண்டர் நுவரெலியாவில் 145 போலத்தான் காட்டும். ஹட்டனில் 155 போல. கொழும்பில் தொழில் பழகி வந்த தம்பிமார் 140ஐப் பார்த்ததும் "ரிங் போச்சு" என்பது இதனால்தான்.

ஆகவே எண்ணைவிட வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லாச் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால், மொத்தமாகக் கொஞ்சம் குறைந்திருந்தாலும் எஞ்சின் இன்னும் ஓடும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தால் அவற்றுக்கு இடையில் கேஸ்கட் போயிருக்கலாம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால், பெற்றோல் எஞ்சினில் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட். டீசலில் இந்த ஒயில் விளையாட்டு வேண்டாம். அதில் நெருக்கும் இடம் மிகச் சிறியது. ஒயில் கூடினால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ரொட்டே வளையும்.

ரேடியேற்றர் வாயில் வைத்து, நீல மருந்து மஞ்சளாகிறதா என்று பார்க்கும் சோதனைக் குழாய் சில கராஜ்களில் இருக்கிறது. மாறினால் சிலிண்டர் புகை தண்ணீருக்குள் வருகிறது. டீசலுக்கான மருந்து வேறு.

4. ஹெட்டை இறக்குங்கள்

இதுவரை சொன்னது எதுவும் முடிவல்ல. ஹெட்டை இறக்கும் கூலி, ஒரு எஞ்சின் விலையோடு பார்த்தால் மிகச் சிறியது. "ஹெட்டை மட்டும் இறக்குங்க, மத்ததைப் பெறகு பேசுவோம்" என்று பாஸிடம் தெளிவாகச் சொல்லி, அந்தக் கூலியை மட்டும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். இறக்கிய அன்று நீங்களும் அங்கே இருங்கள். எஞ்சின் நம்பரோடு சேர்த்துப் படம் எடுங்கள்.

பார்க்க வேண்டியவை: ஹெட்டின் முகத்தில் நேர்கோல் வைத்து இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் வரைதான் அனுமதி. அலுமினிய ஹெட் வளைந்தால் அதோடு வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாப்ட் படுக்கும் வரிசையும் வளையும். கேமை மட்டும் வைத்து இறுக்கிக் கையால் சுற்றினால் இலகுவாகச் சுற்ற வேண்டும். இறுகினால் முகத்தைச் சீவியது மட்டும் போதாது. டீசல் ஹெட்டுகளில் இரண்டு வால்வுக்கு நடுவில் வெடிப்புத் தேடுங்கள். லைட்ஏஸில் வரும் டொயோட்டா 2சி எஞ்சின் ஹெட் வெடிப்புக்குப் பேர்போனது. வெடித்த ஹெட்டை ஒட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மலை ஏறும் வண்டிக்கு நான் அதை நம்புவதில்லை. வேறு ஹெட் தேடுவேன்.

பிறகு சிலிண்டருக்குள் விரலைவிட்டு மேல்விளிம்பைத் தடவுங்கள். ஒரு படி தட்டுப்பட்டால் தேய்மானம் இருக்கிறது. சுவரில் பழைய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால் நல்ல சகுனம். செங்குத்தாகக் கீறல் இருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கிறது.

சிலிண்டர் சுவர் நன்றாக இருந்து, ஒயில் ஃபில்டரில் தூளும் இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஹெட் வேலை அல்லது வேறு ஹெட், புது கேஸ்கட், புது போல்ட், அவ்வளவுதான். என் பழைய எஞ்சினுக்கு வேண்டியிருந்தது இவ்வளவே.

5. லேத்துக்குப் போகுமுன் சாமான் கிடைக்குமா என்று கேளுங்கள்

கீழ்ப்பகுதியும் போயிருந்தால் அடுத்தது லேத், அதாவது எஞ்சின் பாகங்களை அளந்து கடையும் பட்டறை. பிளொக்கைப் போர் அடிக்கலாமா (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கலாமா), கிராங்கைத் தீட்டலாமா என்பது அங்கே அளந்தால்தான் தெரியும். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளந்து எழுதித்தரச் சொல்லுங்கள். "பாத்தேன், 0.50 போகும்" என்ற வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள்.

ஜப்பான் வண்டிகளுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று வரும். எல்லா எஞ்சினுக்கும் வராது. புதிய சின்னக் கார்களில் பல, அலுமினிய பிளொக்குக்குள் மெல்லிய லைனரை வார்த்துச் செய்தவை. சிலவற்றுக்குக் கம்பனியே ஓவர்சைஸ் பிஸ்டன் விடுவதில்லை. அப்படியான எஞ்சினைப் போர் அடிக்க யாராவது ஒத்துக்கொண்டால், பிஸ்டன் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மாறாக, பழைய இரும்பு பிளொக் டீசல்களும் மாருதி ஆல்டோவின் 796 சிசி எஞ்சினும் செய்து ஓட்டுவதற்கு ஏற்றவை. சாமான் சுலபமாகக் கிடைக்கும், கை பழகிய பாஸ்மாரும் உண்டு.

பிஸ்டனைக் கையில் வாங்கி, அதன் அளவுக்குத்தான் போர் அடிக்க வேண்டும். போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தாலி கட்டிய பிறகு பெண் பார்க்கிற மாதிரி.

கனெக்டிங் ரொட் பிளொக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ, கிராங்கில் வெடிப்பு இருந்தாலோ, பேரிங் படுக்கும் இடமே நீலமாகக் கருகியிருந்தாலோ பேச்சே வேண்டாம். மாற்றுங்கள்.

6. கணக்கு

மூன்று தொகையை எழுதுங்கள். ஹெட் வேலை மட்டும். முழுதாகச் செய்வது. வேறு எஞ்சின் மாற்றுவது. ஒவ்வொன்றோடும் மறைந்திருக்கும் செலவைச் சேருங்கள். செய்வதென்றால் லேத் கூலி, கேஸ்கட் செட், ஒயில் பம்ப், டைமிங் பெல்ட். மாற்றுவதென்றால் கொழும்பிலிருந்து லொறிக் கூலி, மவுண்ட், புது எஞ்சினுக்கும் டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், பதிவுச் செலவு. செய்வதற்குச் சொன்ன தொகை 100 என்றால் நான் 130 கையில் இல்லாமல் தொடங்கமாட்டேன். பிரித்த பிறகுதான் மீதி வெளியே வரும்.

அடுத்தது நாட்கள். ஒழுங்காகச் செய்ய இரண்டு மூன்று கிழமை போகும். எஞ்சின் கிடைத்துவிட்டால் மாற்ற மூன்று நான்கு நாள். வண்டி சொந்தப் பாவனைக்கு என்றால் அந்த வித்தியாசம் பஸ் டிக்கெட். ஸ்கூல் ஹயர் ஓடுபவருக்கு அது மாத வருமானம். வேறு வண்டிக்குக் கொடுத்த பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்பதும் இருக்கிறது. அதையும் ரூபாயாக்கி எழுதுங்கள்.

கடைசியாக வண்டியின் பெறுமதி. முன்பெல்லாம் எஞ்சின் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு என்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் பழைய வண்டிகளின் விலை ஏறியதால் அந்தக் கணக்கு உடைந்துபோனது. இன்று நான் பார்ப்பது வேறு: வண்டியின் பொடியில் (உடற்கூட்டில்) துரு எவ்வளவு, கியர்பொக்ஸ் எப்படி, இன்னும் நாலைந்து வருடம் வைத்திருப்பேனா? மூன்றுக்கும் பதில் நல்லதென்றால், பிளொக்கும் நல்லதென்றால், செய்வேன். அடுத்த வருடம் விற்கப்போகும் வண்டிக்கு முழு வேலை செய்யமாட்டேன். வாங்குபவர் அந்தக் காசைத் தரமாட்டார்.

7. மாற்றுவதென்றால்

நம் நாட்டில் 'ரீகண்டிஷன் எஞ்சின்' என்றால் பிரித்துப் புதுப்பித்தது என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் ஓடிய வண்டியிலிருந்து கழற்றி வந்தது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். கொழும்பில் பழைய எஞ்சின், உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

வாங்குமுன் ஒயில் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடியுங்கள். தார் போலக் கறுப்புக் கட்டி இருந்தால் வேண்டாம். தண்ணீர் வழிகளில் மணலோ சேறோ இருந்தால் வெள்ளத்தில் கிடந்ததாக இருக்கலாம். கையால் சுற்றிப் பாருங்கள். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். குறைந்தது கொம்ப்ரெஷனாவது காட்டட்டும். அது கொழும்பு என்பதால் அங்கே எண் புத்தகக் கணக்குக்கு வர வேண்டும். எஞ்சின் கோட் ஒன்றாக இருந்தாலும் சென்சர், வயரிங், மவுண்ட் வேறாக இருக்கலாம். கழற்றிய பழைய எஞ்சினின் படங்களைக் கையில் கொண்டு போங்கள். உத்தரவாதம் எத்தனை நாள், எதற்கு, மாற்றிக்கொடுத்தால் மாட்டும் கூலி யாருடையது என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். எஞ்சின் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியையும் கேளுங்கள்.

அந்த நம்பர் முக்கியம். வாகனப் புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். லீசிங் வண்டி என்றால் முதலில் அந்தக் கம்பனியின் சம்மதக் கடிதம். இன்சூரன்ஸுக்கும் அறிவியுங்கள். சும்மா விட்டால் விற்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள், விபத்து நாளில் இன்னும் மோசம். எஞ்சினைச் செய்தால் நம்பர் மாறாது. செய்வதன் பக்கம் சாயும்போது இதையும் ஒரு புள்ளியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

8. பழைய எஞ்சினைக் கெடுத்தது எது?

இதற்குப் பதில் இல்லாமல் எந்த எஞ்சினையும் வண்டிக்குள் இறக்க விடாதீர்கள். நான் விட்டேன்.

நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை போலவே கொதித்துவிடும். எஞ்சினோ 90 பாகையை ஒட்டித்தான் வேலை செய்கிறது. இடையில் காப்பாற்றுவது ரேடியேற்றர் மூடியின் அழுத்தம். 0.9 அல்லது 1.1 என்று மூடியில் அடித்திருக்கும் எண் அதுதான். ரப்பர் காய்ந்த மூடி கொழும்பில் எப்படியோ ஓடிவிடும். நுவரெலியா ஏற்றத்திலுள்ள லபுக்கலையில் ஓடாது. மலைநாட்டில் வருடத்துக்கு ஒரு மூடி மாற்றுவது நல்ல வழக்கம். சரியான எண் உள்ள மூடியாகப் பாருங்கள்.

ரேடியேற்றரை வெளியே கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் புதிது போடுங்கள். பீலித் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியதால்தான் துருவும் சேறும் வந்தது. கூலன்ட் ஊற்றுங்கள். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சூடாகாது என்ற நம்பிக்கை நம் பக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கழற்றினால் குளிர் நாட்களில் எஞ்சின் சூட்டுக்கே வராமல் தேயும். சில எஞ்சின்களில் தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, ஏற்றத்தில் இன்னும் கொதிக்கும். ஃபேன், தண்ணீர் பம்ப், ஹோஸ் எல்லாவற்றையும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே பாருங்கள்.

9. ஓட்டப் பழக்குதல்

செய்த எஞ்சினுக்கு முதல் 1,000 கிலோமீற்றர் ஒரே வேகத்தில் ஓடுவது நல்லதல்ல. ரிங் படிய ஏற்றமும் இறக்கமும் வேண்டும். இதில் நமக்கு மலையே உதவி. மிதமாக இழுத்து ஏறுங்கள், கியரில் விட்டு இறங்குங்கள். மூன்றாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறாமல் இரண்டாவதுக்கு இறங்குங்கள். நிறைந்த சுமையோடு இறம்பொடை ஏற்றம் அந்த 1,000 முடிந்த பிறகு. 500இல் ஒயிலும் ஃபில்டரும் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். முதல் முறை கொஞ்சம் மினுக்கம் இருக்கும். 1,000இல் மறுபடி வெட்டும்போது இருக்கக்கூடாது.

நான் இப்போது லபுக்கலையில் தேநீருக்கு நிறுத்தும்போது எஞ்சினை உடனே அணைப்பதில்லை. இரண்டு நிமிடம் ஓட விட்டு, ஹீட் முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. "அங்கிள், முள்ளு நடுவுலதான் இருக்கு" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.